சுண்ணாம்புத் தொட்டியில் பிடித்த இடுப்பு

1. பிடித்த நாள்

தோலை இழுத்துப் பின்னால் போட்டேன். அதற்கு மேல் நிமிர முடியவில்லை.

வலி என்று கூடச் சொல்ல முடியாது. யாரோ பின்னால் வந்து இடுப்புச் சதையைக் குறடு போட்டுப் பிடித்த மாதிரி இருந்தது. மூச்சு பாதியில் நின்றது. குனிந்தபடியே நின்றேன்.

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டி ஒரு தோல் ஷாப்பு. பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வோம். அங்கே நான் சுண்ணாம்புத் தொட்டி ஆள். தொட்டி என்றால் தரையில் தோண்டிச் சுவர் கட்டின குழி. சுண்ணாம்புத் தண்ணீரில் தோல் ஊறும். ஊறினால்தான் மயிர் கழலும். தினமும் எல்லாத் தோலையும் வெளியே இழுத்துக் கரையில் அடுக்க வேண்டும். கழியால் சுண்ணாம்பைக் கலக்க வேண்டும். மறுபடி உள்ளே விட வேண்டும். ஊறின எருமைத் தோல் பிணம் மாதிரி கனக்கும்.

இது ஜோடி வேலை. ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுக்கொரு இரும்புக் குறடால் ஒரே தோலைப் பிடித்து இழுத்து, அப்படியே திரும்பிப் பின்னால் வீச வேண்டும். என் ஜோடி வரதன். சேர்ந்த நாள் முதல் நான் இடப் பக்கம், அவன் வலப் பக்கம். மணவறையில் உட்காருகிற மாதிரி. எல்லா ஜோடியும் அப்படித்தான். பக்கத்தை யாரும் மாற்றுவதில்லை.

வரதன் குறடோடு நின்றான்.

"இன்னாடா, இழு."

"நிமிர முடியல."

"வெளையாடாத. மேஸ்திரி பாக்கறாரு."

"வெளையாடலடா."

அவன் என் முகத்தைப் பார்த்தான். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தொட்டிக்குள் போட்டான். பிறகு சத்தமாகச் சொன்னான்.

"டேய் முத்து, என் துண்டு வுழுந்துட்ச்சு பாரு. குனிஞ்சவன் குனிஞ்சபடியே எடுத்துக் குடு."

மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். துண்டு சுண்ணாம்பில் வெந்து போனது. கொஞ்ச நேரம் கழித்து வரதன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தேன்.

ஏன் மறைத்தோம் என்று கேட்கலாம். ஜெர்மன் சண்டை முடிந்திருந்தது. சண்டை நடந்தபோது பட்டாளத்துப் பூட்ஸுக்கு என்று தோல் போய்க்கொண்டே இருந்தது. முடிந்ததும் ஆர்டர் கம்மி. வாசலில் ஆள் ஜாஸ்தி. காலையில் மேஸ்திரி வாசலில் நின்று ஜோடி ஜோடியாகக் கூப்பிடுவார். ஒருத்தன் சரியில்லை என்று பட்டால் ஜோடியே போகும். எங்களுக்கு முன்னால் சின்னப்பன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு இடுப்பு போனது. தோல் பதனிடுவதற்கு ஆவாரம்பட்டை இடிக்கிற பக்கம் அனுப்பினார்கள். அது பெண்கள் வேலை. கொஞ்ச நாளில் அங்கேயும் கூப்பிடவில்லை. குடும்பத்தோடு கோலார் பக்கம் போனான் என்று கேள்வி. அவனுடைய ஜோடியும் ஷாப்பில் நிலைக்கவில்லை.

என் இடுப்பில் இருந்தது ரெண்டு வீட்டுச் சோறு.

2. படுத்த நாள்

வீட்டில் என் பெண்சாதி சாராள் விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்தாள். ஆற்று மணலை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். சூடு பட்டால் சுகமாக இருந்தது. சூடு ஆறினால் பழையபடிதான்.

"கால் முந்திப் பொறந்தவங்க மூணு தரம் மிதிச்சா இந்தப் புடிப்பு போய்டும்யா" என்றாள். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தவர்களுக்கு அந்தக் கைராசி, இல்லை, கால்ராசி உண்டு என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. எங்களை மாதிரி கிறிஸ்தவ வேதக்காரரும் நம்புவார்கள், மற்றவரும் நம்புவார்கள்.

"நம்ம பக்கத்துல யாரு அப்படிப் பொறந்தது?" என்றேன்.

அவள் யோசித்தாள்.

"மேஸ்திரிதான்."

"சரியாப் போச்சு. அவருகிட்டதான மறைக்கறோம்."

"கர்த்தாவே" என்று சொல்லிவிட்டு ஒத்தட முடிச்சைத் திரும்ப அடுப்பண்டை கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு நாள் முழுக்கப் படுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"கோயிலுக்கு வராம படுத்துக்கினு கீறியே. பாதிரி ஐயரு கேட்டா இன்னா சொல்றது?"

"காய்ச்சல்னு சொல்லு."

"கோயில்ல பொய் சொல்லச் சொல்றியா?"

"வாசல்லயே நின்னு சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. போய்விட்டாள். நான் படுத்தேன். சாப்பிட மட்டும் எழுந்தேன். அன்று வலி கம்மிதான். ஆனால் திங்கட்கிழமை காலையில் எழ முடியவில்லை. ஈரத் தோலை மடித்துப் போட்டு வைத்தால் மடித்தபடியே காய்ந்து நிற்கும். பிரித்தால் விரியாது. என் இடுப்பு அப்படி இருந்தது. சாராள் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலை முதலில் கீழே விடச் சொல்லி, கையை ஊன்ற வைத்து எழுப்பினாள். இன்றைக்கும் அப்படித்தான் எழுகிறேன். நேராக எழுவதில்லை.

ஷாப்பு வரைக்கும் நடந்தேன். பாதி வழியில் கொஞ்சம் இளகியது. படுத்ததுதான் கெடுதல் செய்தது என்று அப்போது புரியவில்லை. மறு ஞாயிறும் படுத்தேன். மறு திங்களும் அப்படியே. அப்புறம்தான் புரிந்தது.

3. எருமை வார்

வரதனுக்கு ஒரு யோசனை வந்தது.

"குதிரைக்கு வயித்தச் சுத்தி வார் கட்டறாங்க இல்ல? அதனாலதான் அது நிக்குது. உனக்கும் கட்டலாம்."

"நான் குதிரையாடா?"

"குதிரைக்குத் தீனி போட ஆள் கீது. உனக்கு யாரு கீறா? கட்டிக்க."

வச்சிரப் பசை காய்ச்சுகிறவர்களுக்குப் போட்டுவிடுகிற கழிவு ஓரத்தில் இருந்து, சுண்ணாம்பு படாத பச்சை எருமை வார் ஒன்றை எடுத்தான். உள்ளங்கை அகலம். தண்ணீரில் ஊறப்போட்டு, என் இடுப்பில் பழைய புடவைத் துணியைச் சுற்றி, அதன் மேல் வாரை இறுக்கி முடிச்சுப் போட்டான். வேட்டிக்குள் தெரியாது.

நன்றாகத்தான் இருந்தது. வாசலில் நேராக நின்றேன்.

"இன்னாடா முத்து, பட்டாளத்துல சேர்ந்துட்டியா? இப்படி வெறப்பா நிக்கற" என்றார் மேஸ்திரி.

"இல்ல மேஸ்திரி."

"போ, போ. எருமைத் தொட்டி."

தொட்டிப் பக்கம் எப்போதும் ஈரம். வார் இளகியே இருந்தது. இடுப்புக்குப் பதிலாக அது தாங்கியது. சில வாரம் அப்படியே ஓடியது. ஆனால் சாயங்காலம் அவிழ்த்தால் நிற்க முடியவில்லை. முன்னைவிட மோசம். கூலிக்கு ஆள் வைத்தவன் கை மடக்கி உட்கார்ந்துவிடுகிற மாதிரி, வார் வந்ததும் என் சதை வேலையை விட்டுவிட்டது. அதனால் இன்னும் இறுக்கிக் கட்டினேன். எங்கள் தொழிலில் பிறந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும்.

ஒரு நாள் எங்களைத் தொட்டிக்கு அனுப்பவில்லை. காயப்போட்ட தோலைத் திருப்பிப் போட ஆள் வேண்டும் என்று வெயில் களத்துக்கு அனுப்பினார்கள். வேலூர்ப் பக்கத்து வெயில் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தோல் காய்ந்தால் சுருங்கும் என்பது எனக்கும் தெரியும், வரதனுக்கும் தெரியும். அந்தத் தோல் என் இடுப்பில் இருக்கிறது என்பதை மட்டும் ரெண்டு பேரும் மறந்துவிட்டோம்.

உச்சி வேளைக்கு முன்பே மூச்சு விட முடியவில்லை. வார் இரும்பு வளையம் மாதிரி ஆகிவிட்டது. முடிச்சு கல்லாகிவிட்டது. வரதன் பல்லால் இழுத்துப் பார்த்தான். கத்தி விட இடமில்லை. சதைக்குள் பதிந்துவிட்டது.

"ஊற வெக்கணும்டா" என்றான்.

"எங்க?"

அவன் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினான். உப்புத் தோலை முதலில் ஊற வைக்கிற தொட்டி. வேறு வழியில்லை. இறங்கி, கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்தேன். சுற்றி மாட்டுத் தோல்கள் மிதந்தன. நாற்றம் எங்களுக்குப் பழக்கம்.

பட்டை இடிக்கிற பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"அக்கா, முத்தண்ணனைப் பாரு. தோலாப் பூட்டாரு, ஊற வெச்சிருக்காங்க."

"எத்தினி நாள் ஊறணும்?"

"மயிரு கழலணும்னா சுண்ணாம்புல போடணும்டி. தண்ணியில போட்டா பத்தாது."

சிரிப்பு கேட்டு மேஸ்திரி வந்துவிட்டார்.

"இன்னாடா பண்றான் இவன்?"

"கால் தவறிட்ச்சு மேஸ்திரி" என்றான் வரதன்.

"தவறி வுழுந்தவன் ஏண்டா ஏறாம குந்திக்கினு கீறான்?"

வரதன் தலையைச் சொறிந்தான்.

"ஏறுடா."

ஏற முடியவில்லை. வரதனும் இன்னொருவனும் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஈர வேட்டி ஒட்டிக்கொண்டது. வார் பளிச்சென்று தெரிந்தது. மேஸ்திரி விரலால் அதைச் சுண்டிப் பார்த்தார். தோல் பார்க்கிறவர்கள் எதையும் சுண்டித்தான் பார்ப்பார்கள்.

"எருமைத் தோலைக் கட்டிக்கினா எருமை பலம் வந்துடும்னு யாருடா சொன்னது?"

வார் இளகியதும் அவரே அறுத்தார். கீழே இருந்த தோல் சிவந்து வரி வரியாக இருந்தது.

4. மேஸ்திரியின் கால்

"எத்தினி நாளா?" என்றார்.

"மழைக்காலத்துல புடிச்சது மேஸ்திரி."

"எங்கிட்ட சொன்னா இன்னா? நான் எப்படிப் பொறந்தவன்னு ஊருக்கே தெரியும். குப்புறப் படு."

கோணி ஒன்றைப் போட்டார்கள். படுத்தேன். வேலையை விட்டுவிட்டு எல்லாரும் வந்து நின்றார்கள். மேஸ்திரி வேட்டியைத் தூக்கிக் கட்டினார். வலது காலை என் இடுப்பில் வைத்து, இடமிருந்து வலமாக மூன்று தரம் மிதித்தார்.

"மேஸ்திரி மிதிச்சா இத்தினி நாளு வெறும் மிதி. இன்னிக்கு வைத்தியம்" என்று பட்டைப் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது.

"யாருடி அது?" என்றார் மேஸ்திரி. ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். எழுந்தபோது சுகமாக இருந்தது. தண்ணீரில் இளகியதாலா, வார் போனதாலா, கால் பட்டதாலா, எனக்குத் தெரியாது. ரெண்டு நாளில் வலி திரும்பி வந்துவிட்டது. ஆனால் அன்று சாயங்காலம் நான் வலியை நினைக்கவில்லை. மேஸ்திரி போகும்போது சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு வாசல்ல பாத்துக்கலாம்."

சின்னப்பனிடமும் அதைத்தான் சொன்னார்.

சாயங்காலம் வரதன் வீட்டுக்கு வந்தான். சாராள் கஞ்சி கொடுத்தாள். குடித்துவிட்டு, "திரும்பு" என்றான். சுண்ணாம்பு உள்ளே ஏறிவிட்டதா என்று தோலைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்போம். அப்படி என் முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் அழுத்தினான்.

"இந்தப் பக்கம் ஊறின தோலு. இந்தப் பக்கம் காஞ்ச தோலு."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் பலகையாட்டம் கீது."

சாராள் ஒரு கோணியில் மணலைப் போட்டுக் கொண்டு வந்து கீழே வைத்தாள். "ரெண்டு பேரும் தொட்டியில எப்படி இழுப்பீங்களோ அப்படி இழுங்க. நான் பாக்கறேன்" என்றாள்.

வெறுங்கையால் இழுத்தோம். திரும்பி வீசினோம். மறுபடி இழுத்தோம். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யோவ், நீ வலது பக்கமே திரும்பற. வரதண்ணன் இடது பக்கமே திரும்பறாரு. ரெண்டு பேருக்கும் கால் நட்ட எடத்துலயே கீது. இடுப்பு மட்டும் துணி பிழியற மாதிரி முறுக்கிக்குது. தினம் ஒரே பக்கமாப் பிழிஞ்சா துணியே கிழியும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் வரதன் இடுப்பில் கை வைத்து அழுத்தினேன். வலது பக்கம் கல் மாதிரி இருந்தது. அவன் முகம் சுளித்தான்.

"உனக்கும் கீதா?"

"கீது."

"எப்பத்துல இருந்து?"

"உனக்கு முன்னாடியே."

"ஏண்டா சொல்லல?"

"நீ சொன்னியா?"

என் வலியை முதல் நாளே பார்த்து, துண்டைத் தொட்டியில் போட்டவனிடம் நான் சொல்ல என்ன இருந்தது என்று கேட்க நினைத்தேன். சாராள் ரெண்டு ஒத்தட முடிச்சு கட்டப் போனாள்.

5. வாசல்

மறுநாள் காலையில் வாசலில் கூட்டம் ஜாஸ்தி. குடியாத்தம் பக்கம் தறி ஓடாமல் வந்தவர்கள் கூட நின்றார்கள். மேஸ்திரி ஜோடிகளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நான் வார் இல்லாமல் நின்றேன். நேராக நிற்க முயற்சி செய்யவில்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே.

"வரதா. நீ யாகோபோட எருமைத் தொட்டி."

யாகோபு புது ஆள். நல்ல உடம்பு. அவன் ஓடிப்போய் வாசலுக்குள் நின்றான். வரதன் நகரவில்லை.

"காது கேக்கலயா?"

"கேக்குது மேஸ்திரி. எனக்கு ஜோடி முத்து."

"அவனால முடியாதுடா."

"முடியும். பக்கம் மாத்தி மாத்தி நின்னு இழுத்தா முடியும். ஒரு தொட்டி நான் வலது, அடுத்த தொட்டி நான் இடது. கால எடுத்து வெச்சித் திரும்பணும்."

"புதுசா கல்யாணம் பண்ணவங்களா நீங்க, பக்கம் மாத்திக்க? வேலை கம்மியாகும்."

"மொதல்ல கம்மியாகும். அப்புறம் சரியாப் பூடும்."

"அது வரைக்கும் மொதலாளி சாயபுக்கு யாரு பதில் சொல்றது? நீயா?"

வரதன் என் பக்கத்திலேயே நின்றான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அவன் போய்விட்டால் தேவலை என்று இருந்தது. "போடா" என்று மெதுவாகச் சொன்னேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பினார்.

"ஆட்டுத் தோல் தொட்டிக்குப் போய்த் தொலைங்கடா ரெண்டு பேரும். கூலி கம்மி. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

எருமைத் தோல் ஆட்கள் ஆட்டுத் தோலுக்குப் போவது கவுரவக் குறைச்சல். எங்களை ஆட்டுக்குட்டி ஜோடி என்று கூப்பிட்டார்கள். ரொம்ப நாள் கூப்பிட்டார்கள். அந்தப் பேரோடு உள்ளே போனோம்.

6. எனக்குத் தெரிந்தது

முதல் சில வாரம் பேஜார். பழக்கமில்லாத பக்கம் நின்றால் குறடு வழுக்கும். ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வோம். வேலையும் கம்மியானது. பிறகு கை பழகிவிட்டது. ஒரு வருஷம் போல ஆன பிறகு ஆள் தட்டுப்பாடு வந்தபோது, மேஸ்திரி தானாகவே எங்களை எருமைத் தொட்டிக்குக் கூப்பிட்டார். அங்கேயும் மாறி மாறித்தான் நின்றோம். மற்ற ஜோடிகள் மாறவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு முறை வேலூர் போய் ஆஸ்பத்திரியில் காட்டினேன். அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, சதைதான் என்றார்கள். பாரம் தூக்காதே என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் தூக்கினேன்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தோலை உடம்போடு சேர்த்து இழு. கை நீட்டி இழுக்காதே. திரும்ப வேண்டும் என்றால் காலை எடுத்து வைத்துத் திரும்பு. இடுப்பைத் திருகாதே. பிடித்துவிட்டால் அன்று இறுக்கமாக இருக்கும், சூடு வை. நாள் முழுக்கப் படுத்துக் கிடக்காதே, மெதுவாக நட. காலோ தொடையோ மரத்துப் போனால் மட்டும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. வார் கட்டாதே. யார் மிதித்தாலும் மிதிக்கட்டும், கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி மறுநாள் பழையபடி இழுக்காதே. இந்த வலி முழுசாகப் போகாது. மழைக்காலத்தில் வரும். வந்தால் வந்த விருந்தாளி மாதிரி கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகும். அதற்கு இடம் விட்டுத்தான் வேலை செய்ய வேண்டும்.

அந்த வாசல் நாளைப் பற்றி வரதனும் நானும் பேசிக்கொண்டதில்லை. ஒரே ஒரு தரம் கேட்டேன். ஆட்டுத் தோல் தொட்டிக் கரையில் சோறு தின்றுகொண்டிருந்தோம்.

"யாகோபோட போயிருந்தா எருமைத் தொட்டியிலயே இருந்திருப்ப. ஏண்டா போகல?"

அவன் சோற்றை மென்று முழுங்கினான்.

"புது ஆளுக்கு எனக்கு எங்க வலிக்குதுன்னு தெரியாது. அதெல்லாம் மொதல்ல இருந்து சொல்லிக்கினு இருக்கணும். பேஜாரு."

அதற்குப் பிறகு இடுப்பு பிடித்தால் முதலில் அவனிடம் சொல்வேன். வீட்டில் அப்புறம்தான்.